மூன்றே மாதத்துக்கு ஒரு வாக்குறுதி

(வானொலி மறையுரை)



1925-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி, மூவொரு கடவுள் பெருவிழா ஞாயிறு. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், கிரான்பி சந்து என்ற குறுகிய தெரு வழியாக ஒரு முதியவர் திருப்பலிக்குப் போய்க்கொண்டிருந்தார். தொமினிக்கன் சபையாரின் ஆலயம் பக்கத்திலேயே இருந்தது. ஆலயத்தை எட்டுமுன் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அங்கேயே இறந்துபோனார். வயது 69. அவர் யார் என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியவில்லை. உடலை ஜெர்விஸ் தெரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆடையைக் களைந்தபோது இடுப்பில் ஒரு சங்கிலி சுற்றியிருந்தது. கையிலும் காலிலும்கூடச் சங்கிலியும் கயிறும். அவற்றில் புனிதர்களின் பதக்கங்கள் கோர்க்கப்பட்டிருந்தன. பைத்தியக்காரரோ என்றுகூட யாராவது நினைத்திருக்கலாம்.

அவர் பெயர் மத்தேயு டால்பட். ஊரார் மேட் டால்பட் என்றார்கள். மரவாடியில் மரம் சுமந்து பிழைத்த கூலித் தொழிலாளி. இன்று திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அழைக்கிறது. குடிநோயிலிருந்து மீண்டு வருகிறவர்கள் உலகெங்கும் அவரிடம் பரிந்துரை கேட்டு மன்றாடுகிறார்கள். இன்று அவருடைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். குடியால் கலங்கிப்போன வீடுகள் நம் பங்குகளில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

டால்பட்டின் கதைக்கு முன்னால் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற கப்புச்சின் துறவி இருந்தார். ஏழைகளின் சாமியார் என்று பெயர் எடுத்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு நண்பர் அவரை விடாமல் வற்புறுத்தினார். குடியை முற்றிலும் விட்டுவிடும் இயக்கத்துக்கு நீங்கள் தலைமை ஏற்றால்தான் மக்கள் கேட்பார்கள் என்றார். 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி மேத்யூ அடிகள் ஆண்டவரின் பெயரைச் சொல்லித் தாமே முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததை வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் வியப்போடுதான் எழுதுகிறார்கள். ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாக மக்கள் முழந்தாளிட்டு உறுதிமொழி எடுத்தார்கள். முப்பது இலட்சம் பேர் வரை என்று ஒரு கணக்கு உண்டு. சாராய வடிப்பாலைகள் மூடப்பட்டன.

பிறகு 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. பெரும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தார்கள், இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தக் கொடுமையில் இயக்கம் கரைந்தது. உறுதிமொழி எடுத்தவர்களில் பலர் மீண்டும் குடிக்கப் போனார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசியிலும் சாவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் எதை எதையோ தேடிப்போவான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கிறேன். கூட்டத்தோடு எடுத்த உறுதி, கூட்டம் கலைந்ததும் நிற்க இடமில்லாமல் போனது. நம் ஊரிலும் தியான மைதானத்தில் எல்லோரும் கை உயர்த்தும்போது நாமும் உயர்த்துகிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் மாதா முன்னால் சத்தியம் செய்கிறோம். ஊர் திரும்பி நாலு நாளில் என்ன நடக்கிறது என்பது மனைவிமார்களுக்குத் தெரியும்.

மேத்யூ அடிகள் 1856-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி, அமல உற்பவ அன்னையின் திருநாளில் இறந்தார். அதே ஆண்டு மே 2-ஆம் தேதிதான் டப்ளினில் மேட் டால்பட் பிறந்தார்.

பன்னிரண்டு பிள்ளைகளில் அவர் இரண்டாமவர். அப்பா சார்லஸ், துறைமுக வாரியத்தில் வேலை. அம்மா எலிசபெத். அப்பாவும் குடிப்பார், அண்ணன் தம்பிகளில் பெரும்பாலோரும் குடித்தார்கள். வாடகை கட்ட முடியாமல் அந்தக் குடும்பம் வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தது. கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பள்ளிக்குச் சிறுவனை அனுப்பினார்கள். பள்ளிப் பதிவேட்டில் அவனைப் பற்றி 'மட்டம் போடுகிறவன்' என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் படிப்பு முடிந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பான், அவ்வளவுதான்.

முதல் வேலையே ஒரு மது வணிகரின் கிடங்கில் கிடைத்தது. கின்னஸ் பீரைப் போத்தலில் அடைக்கும் வேலை. திரும்பி வந்த காலிப் போத்தல்களின் அடிமண்டியைச் சிறுவர்கள் வடித்துக் குடிப்பார்கள். ஒரு வருடத்துக்குள் சிறுவன் போதையோடு வீட்டுக்கு வரத் தொடங்கினான். அப்பா அடித்துப் பார்த்தார். தம் கண்காணிப்பில் இருக்கட்டும் என்று தாம் வேலைபார்த்த துறைமுகத்திலேயே சேர்த்துவிட்டார். அவனைப் போட்ட இடம் விஸ்கிக் கிடங்கு! அந்தக் காலத்து டப்ளினில் ஓர் ஏழைச் சிறுவனுக்கு மது இல்லாத இடத்தில் வேலை கிடைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

பிறகு கட்டட வேலைக்குப் போனார். கொத்தனார்களுக்குச் செங்கலும் கலவையும் சுமக்கும் சித்தாள் வேலை. வேலையில் கெட்டிக்காரர், மற்றவர்களைவிட வேகமாகச் சுமப்பார் என்றே எல்லோரும் சொன்னார்கள். குடிகாரர் என்றால் சோம்பேறி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல வீடுகளில் அப்படி இல்லை. மேட் டால்பட் வாரம் முழுதும் மாடாய் உழைத்தார், சனிக்கிழமை வாங்கிய கூலியை மதுக்கடையில் கொட்டினார். காசு தீர்ந்தால் கடன். கடனும் தீர்ந்தால் காலணியை அடகுக்கடையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வருவார். அம்மாவின் கைக்கு வருவது சில்லறைதான்.

ஒரு நாள் அவரும் நண்பர்களும் தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்துவிட்டார்கள். அந்த மனிதருக்கு அதுதான் சோறு. மேட் டால்பட் பின்னாளில் குடியை விட்டபிறகு அவரைத் தேடி டப்ளின் தெருவெல்லாம் அலைந்தார். கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில், கொடுக்க வேண்டிய பணத்தை ஆலயத்தில் கொடுத்து அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னார். சில கடன்களைக் கடன்பட்டவரிடமே திருப்பிக் கொடுக்க முடிவதில்லை. குடியிலிருந்து மீண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் பிடில் கதையைப் போல ஒன்று எல்லோரிடமும் இருக்கும்.

1884-ஆம் ஆண்டு. அவருக்கு 28 வயது. ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை, கையில் காசில்லை. சனிக்கிழமை மதியம் தம்பியோடு ஒரு மதுக்கடை வாசலில் போய் நின்றார். கூலி வாங்கிய கையோடு நண்பர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். இத்தனை வருடமாகத் தம்மிடம் காசிருந்தபோதெல்லாம் வாங்கிக் கொடுத்தவர் அவர். இன்று யாராவது ஒருவர் 'வா, மேட்' என்று கூப்பிட மாட்டார்களா? ஒவ்வொருவராக வந்தார்கள். பேசினார்கள், நலம் விசாரித்தார்கள், உள்ளே போனார்கள். யாரும் கூப்பிடவில்லை.

மனம் உடைந்து வீட்டுக்கு நடந்தார். சனிக்கிழமை பகலில், போதையில்லாமல், மகன் வந்ததைப் பார்த்து அம்மாவுக்கு ஆச்சரியம். சாப்பிட்டு முடித்ததும், குடிக்க மாட்டேன் என்று வாக்குறுதி எடுக்கப் போகிறேன் என்றார். அந்தத் தாய் துள்ளிக் குதிக்கவில்லை. காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் எடு, இல்லாவிட்டால் எடுக்காதே என்றார். கடவுள் பெயரால் எடுக்கிறேன் என்றார் மகன். அவர் கதவைத் தாண்டும்போது, அதைக் காப்பாற்றும் வலிமையைக் கடவுள் உனக்குத் தரட்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டார். பலமுறை ஏமாந்த ஒரு தாய், மகனை நம்ப முடியாமல் கடவுளை நம்பினார். எலிசபெத் அம்மாளுக்கு யாரும் புனிதர் பட்டம் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் அவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம்.

மேட் டால்பட் கிளான்லிஃப் குருமடத்துக்குப் போய் ஓர் அருள்பணியாளரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஏறத்தாழ மூன்று வருடமாக அவர் எந்த அருள்சாதனமும் பெற்றிருக்கவில்லை. பிறகு வாக்குறுதி எடுத்தார். எத்தனை காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு மட்டும்.

இந்த மூன்று மாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. தம்மைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இல்லை. அந்த நாட்களில் அவர் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார், மூன்று மாதம் முடிந்ததும் நான் மறுபடி குடிக்கத்தான் போகிறேன் என்று. நாம் மதிக்கும் வீர வசனம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. சரணடைதல் என்றால் சாஷ்டாங்கமாக விழுந்து பெரிய பெரிய வார்த்தை சொல்வது என்று நாம் எண்ணுகிறோம். இவரிடம் இருந்ததோ தம்மால் முடியாது என்ற அறிவும், நாளைக் காலைத் திருப்பலிக்குப் போக வேண்டும் என்ற முடிவும்தான்.

மறுநாள் அதிகாலை இயேசு சபையாரின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் நற்கருணை வாங்கினார். அதன்பின் வேலைக்கு முன் ஐந்து மணித் திருப்பலி தினசரி வழக்கமாயிற்று. மாலை வேளைதான் பெரிய சோதனை. வேலை முடிந்தால் கால் தானாக மதுக்கடைக்கு நடக்கும். ஆகவே நண்பர்கள் கண்ணில் படாமல் நகரின் ஆலயங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி நடந்தார், உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஒரு மாலை அப்படி நடக்கும்போது தாங்க முடியாமல் ஒரு மதுக்கடைக்குள் போய்விட்டார். பாக்கெட்டில் காசும் இருந்தது. கடையில் கூட்டம். பரிமாறுகிறவர் இவரைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார், கோபம் வந்தது, வெளியே வந்துவிட்டார். நேராக ஆலயத்துக்குப் போய் அதைப் பூட்டும்வரை அங்கேயே இருந்தார். அன்று ஒரு முடிவு செய்தார்: இனிமேல் கையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை. கூலி முழுவதும் அம்மாவிடம் போயிற்று. பல வீடுகளில் 'என் காசு, என் இஷ்டம்' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. அந்த உரிமையை அவர் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டார். கடவுளிடம் சரணடைவது அவரைப் பொறுத்தவரை கூலியை அம்மா கையில் கொடுப்பதாகவும் இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு நாள் காலை நற்கருணை வாங்கப் போகும் நேரத்தில், இதெல்லாம் வீண், நீ எப்படியும் விழத்தான் போகிறாய் என்ற எண்ணம் அவரை அழுத்தியது. ஆலயத்தை விட்டு வெளியேறினார். இன்னோர் ஆலயத்துக்குப் போனார், அங்கும் அதே எண்ணம். கடைசியில் சவேரியார் ஆலயப் படிகளில் கைகளைச் சிலுவைபோல் விரித்து முகங்குப்புற விழுந்து, பழைய வாழ்வுக்குத் திரும்ப விடாதேயும் என்று மன்றாடினார். அன்னை மரியாவைக் கூப்பிட்டார். அதன்பின் அந்த எண்ணம் விலகியது என்று அவர் சொன்னதாக முதல் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. குடிநோயாளியைத் திரும்ப இழுப்பது மதுவின் ஆசை மட்டும் அல்ல, 'நீ தேறமாட்டாய்' என்ற குரலும்தான். அந்தக் குரல் சில நேரம் வெளியிலிருந்தும் வருகிறது. வீட்டிலிருந்து, உறவினரிடமிருந்து, சொல்லக் கூசுகிறது, ஆலய வாசலிலிருந்தும் வருகிறது.

மூன்று மாதம் முடிந்தது. குடிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு எடுத்தார். பிறகுதான் வாழ்நாளுக்கும். இறக்கும்வரை 41 ஆண்டுகள் அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. புகையிலையையும் விட்டார். குடியைவிட அதுதான் கடினமாக இருந்தது என்றார். குடியை விட முடியாதவன்மேல் கடுமை காட்டக்கூடாது என்று அவர் சொல்வதுண்டாம். குடியை விடுவது செத்தவனை உயிர்ப்பிப்பதுபோல் கடினம், ஆனால் ஆண்டவருக்கு இரண்டும் எளிது, நாம் அவரைச் சார்ந்திருந்தால் போதும் என்பது அவர் கருத்து.

அதிகாலைத் திருப்பலியின் நேரம் மாறியபோது, அதற்கு ஏற்ற வேலை நேரம் வேண்டும் என்று மரவாடிக்கு மாறினார். 1890-வாக்கில் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். பள்ளிக்கு மட்டம் போட்ட அந்த மனிதர் புனித அகுஸ்தினாரின் தன்வரலாற்றையும் அவிலா தெரேசம்மாளின் நூல்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். பலகைதான் படுக்கை, மரக்கட்டைதான் தலையணை. சம்பளத்தில் தமக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிக்கும் கொடுத்தார். 1913-இல் டப்ளினில் முதலாளிகள் கதவடைப்புச் செய்து தொழிலாளர்களைப் பட்டினி போட்டபோது, தொழிற்சங்கத்தில் இருந்த டால்பட்டும் வேலை இழந்தார். தம் பங்குக்கு வந்த வேலைநிறுத்த உதவித்தொகையைப் பிள்ளைக்குட்டிக்காரர்களுக்குக் கொடுத்தார். தாம் தனிக்கட்டையாக இருந்தும், குடும்பம் உள்ளவர்களுக்குக் கூலி போதவில்லை என்று பேசியவர் அவர்.

சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். புனித லூயி மோன்போர்ட் கற்பித்தபடி அன்னை மரியாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்தவர்கள் அதன் அடையாளமாகச் சிறு சங்கிலி அணிவது உண்டு. டால்பட் அதைத் தம் ஆன்மகுருவின் வழிகாட்டுதலில் அணிந்தார் என்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு நேயர்கள் யாரும் சங்கிலி வாங்கக் கிளம்ப வேண்டாம். திருச்சபை அவரிடம் போற்றுவது இரும்பை அல்ல. அவர் அதைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறக்கும்வரை பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அது தெரியாது.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். அவருடைய கல்லறை இப்போது டப்ளினில் ஷான் மெக்டெர்மட் தெரு லூர்து அன்னை ஆலயத்தில் இருக்கிறது. 1980-களில் ஹெராயின் பரவி இளைஞர்களைக் கொத்துக் கொத்தாகப் பலி கொண்ட பகுதி அது. 2018 ஆகஸ்டில் டப்ளின் போன திருத்தந்தை பிரான்சிஸ் வழியில் அந்த ஆலயத்தின்முன் நின்றார்.

டால்பட் இறந்து பத்து ஆண்டுகளில், 1935-இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்தார்கள். ஒருவர் பங்கு வணிகத்தில் இருந்த பில் வில்சன், மற்றவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் கத்தோலிக்கர் அல்ல. அவர்கள் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பெயர் வெளியிடாத குடிநோயாளிகளின் தோழமை. அது எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. ஆனாலும் அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் முதல் படி, மதுவின்முன் நாங்கள் வலுவற்றவர்கள் என்று ஒத்துக்கொள்வது. மூன்றாம் படி, தங்கள் விருப்பத்தையும் வாழ்வையும் கடவுளின் பொறுப்பில் ஒப்படைப்பது. டால்பட் சனிக்கிழமை மதியம் நடந்த அதே பாதைதான். செயிண்ட் லூயி நகரிலிருந்து எட்வர்ட் டவ்லிங் என்ற இயேசு சபைக் குரு வில்சனைத் தேடி வந்து, இந்தப் படிகள் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளை ஒத்திருக்கின்றனவே என்று வியந்தார். வில்சனுக்கு இஞ்ஞாசியார் யார் என்றே தெரியாது.

ஆக்ரன் நகரின் புனித தோமா மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் இஞ்ஞாசியா என்ற அருள்சகோதரி இருந்தார். பிறப்பால் அயர்லாந்துக்காரர், மேயோ மாவட்டம். முதலில் இசை ஆசிரியை. மனமுறிவு ஏற்பட்டு உடல்நலம் கெட்டதால் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதை விட்டு, ஓய்வான வேலை என்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். அந்நாளில் மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்க்க மறுத்தன. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் ஒருவரைக் கொண்டுவந்தபோது, சகோதரி 'கடுமையான வயிற்று அழற்சி' என்று பதிவேட்டில் எழுதிப் படுக்கை கொடுத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய திருஇருதய அடையாளத்தைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதாக இருந்தால், முதல் கோப்பைக்குமுன் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. குடிக்கத் தடையில்லை, ஆனால் அந்தச் சகோதரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும்!

அருள்சகோதரி படுக்கையும் மருந்தும் கொடுத்துவிட்டுத்தான் திருஇருதயத்தைக் கொடுத்தார் என்பதை மறக்காதீர்கள். பல ஆண்டுகள் அளவுக்கு மிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம் மட்டும் வருவதில்லை. வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிரே போகலாம். ஆகவே செபக்கூடத்தில் உட்கார வைத்துப் பூட்டாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மருத்துவரிடம் போவது கடவுளிடம் சரணடைவதற்கு எதிரானது அல்ல.

இதுவரை சொன்னவை நல்ல முடிவு வந்த கதைகள். ஆனால் இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் சில வீடுகளில் நல்ல முடிவு வரவில்லை. செபித்தோம், உபவாசம் இருந்தோம், அவர் விடவில்லை. டால்பட்டுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்வியோடு ஒருவர் முழந்தாளில் இருக்கும்போது டால்பட்டின் கதை ஆறுதல் தராது, குத்தும். அவர்களுக்காக இன்னொரு புனிதரைச் சொல்கிறேன்.

மாற்கு ஜி தியான்சியாங். 1834-இல் வட சீனாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவர். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர், ஊர்க் கிறிஸ்தவர்களின் தலைவர். நடுவயதில் கடும் வயிற்று நோய் வந்தது. அந்நாள் வழக்கப்படி அபினியை மருந்தாக உட்கொண்டார். நோய் தணிந்தது, அபினி விடவில்லை. அந்த அபினி சீனாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நூற்றாண்டில் பெரும்பகுதி நம் நாட்டில், கங்கைச் சமவெளியில் பிரிட்டிஷ் ஆட்சி பயிரிடச் செய்து பாட்னாவிலும் காசிப்பூரிலும் பெட்டி பெட்டியாக அடைத்து விற்றது. அதைத் தடுக்கப் பார்த்த சீனாவோடு இரண்டு போர்கள் நடந்தன. ஒரு மனிதனின் பலவீனம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் பலருடைய இலாபக் கணக்கு இருப்பது டப்ளினிலும் உண்மை, சீனாவிலும் உண்மை, இன்றும் உண்மை.

மாற்கு வெட்கத்தோடு பாவசங்கீர்த்தனம் செய்தார். மறுபடி செய்தார். திரும்பத் திரும்ப அதே பாவம். அபினியை விடும்வரை பாவமன்னிப்புத் தர முடியாது என்று ஒரு கட்டத்தில் குரு சொல்லிவிட்டார். மனந்திருந்தும் உறுதியான எண்ணம் இவரிடம் இல்லை என்று அவர் நினைத்தார். போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்ற அறிவு அன்று இல்லை. 1992-இல் வெளிவந்த நம் மறைக்கல்வி ஏடு, பழக்கமும் பிற உளக்காரணங்களும் ஒருவரின் குற்றப்பொறுப்பைக் குறைக்கவும் நீக்கவும்கூடும் என்று கற்பிக்கிறது. அந்தக் குரு அதைப் படித்தவர் அல்ல. அவரைப் பழிக்க நான் துணியமாட்டேன். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகள் மாற்கு நற்கருணை வாங்கவில்லை.

முப்பது ஆண்டுகளும் அவர் ஆலயத்துக்கு வந்தார். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்துபோகும்போது, ஊருக்கே தெரிந்த அபினிக்காரராக அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். இனி எனக்கு இங்கே என்ன வேலை என்று அவர் போகவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்: மறைசாட்சியாகச் சாகும் வரம். வேறு வழியில் தம்மால் விண்ணகம் சேர முடியாது என்று அவர் நினைத்தார். குணமாக வேண்டும் என்று கேட்டு, குணம் கிடைக்காமல், கிடைக்காத நிலையிலேயே கடவுள் கையை விடாதிருந்தவர் அவர். டால்பட்டின் 41 ஆண்டுகளைவிட இந்த 30 ஆண்டுகள் எனக்குப் பெரியவையாகத் தெரிகின்றன.

1900-ஆம் ஆண்டு பாக்சர் கிளர்ச்சி வெடித்தது. கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். மாற்கு, தம் மகனோடும் மருமகள்களோடும் பேரப்பிள்ளைகளோடும் பிடிபட்டார். மறுதலித்தால் உயிர் பிழைக்கலாம். அபினியை மறுக்க முடியாத அந்த மனிதர் கிறிஸ்துவை மறுக்க மறுத்தார். ஜூலை 7-ஆம் தேதி கொல்லக் கொண்டுபோனபோது தம்மைக் கடைசியாக வெட்டும்படி கேட்டுக்கொண்டார். தம் குடும்பத்தில் யாரும் தனியாகச் சாகக்கூடாது என்பதற்காக. ஒவ்வொருவராகச் சாய்வதை அருகில் நின்று பார்த்து, அன்னை மரியாவின் மன்றாட்டுமாலையைப் பாடிக்கொண்டே கடைசியில் அவரும் தலை கொடுத்தார்.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி, சீன மறைசாட்சிகள் 120 பேரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனிதர்களாக உயர்த்தினார். அவர்களில் மாற்குவும் ஒருவர். அபினியை வென்றவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. அவருடைய நினைவு நாள் ஜூலை 7. உங்கள் வீட்டில் இன்னும் விடாதவர் ஒருவர் இருந்தால், அன்று காலைத் திருப்பலிக்கு அவரையும் கூப்பிட்டுப் பாருங்கள். முந்தின இரவு குடித்திருந்தாலும் கூப்பிடுங்கள். பின்வரிசையில் உட்காரட்டும். அவர் வர மறுத்தால், நீங்கள் வந்து அவர் பெயரைச் சொல்லி ஒரு கருத்து எழுதிக் கொடுங்கள்.